தெய்வக் குழந்தைக்கு எதுக்குக் கூலி

எங்க தாத்தாவுக்கு எழுபது வயசு தாண்டின பிறகும் ஊர்த்தெருப் பொடிசுக அவரைப் பேர் சொல்லி, 'டா' போட்டுத்தான் கூப்பிடும். சேந்தமங்கலம் பக்கத்துச் சேரிகளில் பிறந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வயசானாலும் ஒரு மனுசனை வளரவிடாமல் வைத்திருக்கத் தமிழில் ஒரே ஒரு விகுதி போதும். எம்.ஏ. தமிழில் விகுதி பற்றி ஒரு தாள் முழுக்கப் பரீட்சை எழுதினேன். இந்த வேலையை அது செய்யும் என்று எந்தப் பேராசிரியரும் பாடம் நடத்தவில்லை.

நான் எழுதப்போகிறவர் கொல்லிமலைக்காரர். வயது 36. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். காதோரம் நரைத்துவிட்டது. அவரை அந்த ஊரில் ஆறு வயசுப் பிள்ளையும் 'வாடா, போடா' என்கிறது. பாசமாத்தான் சொல்லுதுக, இல்லைன்னு சொல்லல. எங்க தாத்தாவையும் பாசமா 'டா' போட்டவங்க இருந்தாங்க. இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'அவர்'தான். பேரையும் ஊரையும் எழுதவில்லை. அவரும் அவங்கம்மாவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

அவருக்கு டவுன் சின்ட்ரோம். நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள். இவர்களுக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. ஆக 47. கிரகணத்தில் வெளியே போனதோ முன்னோர் செய்த பாவமோ காரணம் இல்லை. தாயின் வயசு கூடக் கூட வாய்ப்பு கூடும், ஆனால் இருபது வயசுத் தாய்க்கும் பிறக்கும். ஏறத்தாழ 700, 800 பிள்ளைகளில் ஒரு பிள்ளை இப்படிப் பிறக்கிறது. எல்லாச் சாதியிலும்தான் பிறக்கிறது. பிறந்த பிறகு பிழைப்பதில்தான் சாதியும் மலையும் காசும் தங்கள் வேலையைக் காட்டுகின்றன. பாதிப்பேருக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். இவர் பிறந்த காலத்தில் அதற்கு ஆப்பரேசன் என்றால் மலையிறங்கி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், காசு கட்ட வேண்டும். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்ததே 2009இல்தான். இவருடைய இருதயம் தற்செயலாக நன்றாக இருந்தது. அதனால்தான் இன்றைக்கு மிளகுக் களத்தில் நிற்கிறார்.

களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் கொல்லிமலையில் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருக்கும். ஒத்தை மூங்கில் ஏணியைச் சாத்தி ஆட்கள் ஏறிச் சரம் சரமாகப் பறித்துப் போடுவார்கள். அவர் ஏறமாட்டார். கீழே சிதறிய சரங்களைக் கூட்டிச் சாக்கில் போடுவார், களத்துக்குக் கொண்டுபோவார். களத்தில் சரத்தைப் பரப்பிக் காலால் மிதித்து மணியை உதிர்க்க வேண்டும். மிதிப்பதில் ஒரு பக்குவம் இருக்கு. அழுத்தினால் தோல் உரிந்துவிடும், மெதுவா மிதிச்சா மணி காம்பைவிட்டு வராது. அவர் குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவார். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், அதே தேய்ப்பு. பிறகு காம்பு பொறுக்கி, காயப் போட்டு, துழாவிவிட்டு, சாயங்காலம் அள்ளி மூடி. நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். மூணு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் ஒரு கிலோ நிற்கும். காய்ந்ததா இல்லையான்னு பார்க்க மற்றவர்கள் கடித்துப் பார்ப்பார்கள். அவர் ஒரு கை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். "ம்ஹூம்" என்றால் இன்னொரு நாள் வெயில். களத்துக்காரர்கள் அந்த 'ம்ஹூம்'மை நம்பித்தான் மூட்டை கட்டுகிறார்கள். நானே மூன்று வருசமா பார்க்கிறேன்.

காப்பிப் பழம் எடுப்பதிலும் அப்படித்தான். கூலிக்கு எடுக்கிறவர்கள் அவசரத்தில் கிளையை உருவுவார்கள், சிவப்பும் பச்சையும் சேர்ந்தே வரும். இவர் சிவப்பை மட்டும் எடுப்பார். மெதுவாக எடுப்பார். கூடையில் பச்சை ஒண்ணு இருக்காது. மாடு ஓட்டுவது, தண்ணீர் எடுப்பது, மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போது மண் தட்டுவது, பலாப்பழக் காலத்தில் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிற வண்டியில் ஏற்றுவது, இதெல்லாம் கணக்கிலேயே வராத வேலைகள்.

கணக்கில் வராத வேலை என்று எழுதியதும் கூலிக்கு வந்துவிட்டேன். பறிப்புக் காலத்தில் அம்மாவும் மகனும் ஒரு தோட்டத்துக்குப் போகிறார்கள். தோட்டக்காரர் சமவெளி ஆள். அம்மாவுக்குக் கூலி. மகனுக்கு டீ, பன்னு, பொங்கலுக்கு ஒரு துண்டு. பல வருசமா இதே நடைமுறை. நான் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது தெய்வக் குழந்தைங்க டீச்சர். காசு குடுத்தா அதுக்கு என்ன தெரியும்? அது வந்தா தோட்டத்துக்கே ராசி."

அது. தெய்வக் குழந்தை. ராசி.

தோழர்களுக்கு இந்தச் சொல் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? காந்தி நமக்குச் சூட்டிய பேர் என்ன? கடவுளின் மக்கள். அந்த 'ஹரிஜன்' என்ற பேரைச் சட்டத்தில் ஏற்றப் பார்த்தபோது 1938இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சிக்காரர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். கடவுளோடு உறவு ஏற்படுத்திக் கொடுத்துவிட்டால் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் பிரதமர் மோடி வானொலியில் பேசும்போது ஊனமுற்றவர்களை இனி 'திவ்யாங்' என்று அழைக்கலாம் என்றார். தெய்வீக உறுப்பு கொண்டவர்களாம். மறு வருசமே ஒன்றிய அரசின் துறைக்கு அந்தப் பேர் ஏறிவிட்டது. ஊனமுற்றோர் இயக்கங்கள் எதிர்த்தன. நம் ஆட்கள் அப்போது அவர்களோடு சேர்ந்து இன்னும் சத்தமாகக் கத்தியிருக்கலாம் என்பது என் கருத்து. நம்மைவிட அந்த வித்தையை நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

பேர் வைத்த கதையைத் தோண்டினால் இன்னும் நாற்றம். 1866இல் லண்டன் பக்கத்தில் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் தன்னிடமிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களை இனவாரியாகப் பிரித்தார். எத்தியோப்பிய வகை, மலாய் வகை, மங்கோலிய வகை என்று. முகச்சாயலை வைத்து இவர்களுக்கு 'மங்கோலியர்' என்று பேர். வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் குறைபாடு என்றால் அது தாழ்ந்த இனத்தின் சாயலாக வெளிப்படுகிறதாம்! மூளையில் ஒரு வர்ணாசிரமம். நூறு வருசம் மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பேர் ஓடியது. 1961இல் விஞ்ஞானிகள் சிலர் லான்செட் இதழில் மாற்றச் சொல்லி எழுதினார்கள். 1965இல் மங்கோலிய நாட்டவர் கேட்டுக்கொண்ட பிறகு உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. நம்மூரில் இன்றைக்கும் வயசான டாக்டர்கள் வாயில் 'மங்கோல் பேபி' வரும், கேட்டிருக்கிறேன்.

கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்று 1959இல் அறிவித்ததில் பேர் வாங்கியவர் பாரிசின் ஜெரோம் லெஜூன். செல்களை வளர்த்து, ஆய்வுக்கூடத்தில் ராப்பகலா வேலை செய்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். கட்டுரையில் அவர் பேர் இரண்டாவதாக, அதுவும் எழுத்துப் பிழையோடு வந்தது. உழைப்பு ஒருத்தர், பேர் ஒருத்தர். இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கொல்லிமலையில் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆளுகிறவர்கள். பட்டியல் பழங்குடி. ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் வழி நாங்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை 1909லேயே தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. நான் முதல் தடவை போனபோது, "எந்த ஆளுங்க கண்ணு?" என்று கேட்டு, தெரிந்துகொண்டு, வரக்காப்பியைத் தனி டம்ளரில் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் அந்த டம்ளரை வாங்கிக் கழுவித் திண்ணை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்தவர் யார் தெரியுமா? இவர்தான். யாரும் சொல்லவில்லை. அவராகவே செய்தார். 'சாதி அறியாத வெள்ளை மனசு' என்று எழுத ஆசைப்படுகிற எழுத்தாளர்கள் இந்த இடத்தில் ஏமாந்து போவார்கள். அவருக்குச் சாதி தெரியும். யார் எங்கே உட்காரணும், எது யாருடைய டம்ளர் என்று ஊர் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது, அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். 'அவனுக்கு எதுவும் ஏறாது' என்று பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு அனுப்பிவிட்டார்களே, அவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? (அந்த டம்ளர் சமாச்சாரம் பிறகு நின்றது. அதற்கு ஒரு வருசமும் சில சண்டைகளும் ஆயின. அது வேறு கட்டுரை.)

சான்றிதழ் முகாம் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அரசுப் பராமரிப்பு உதவித்தொகை வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அதற்கு முன் 1,500. அறிவுசார் குறைபாட்டுக்குச் சதவீதம் போட இரண்டு அளவுகோல்: ஐ.க்யூ. சோதனை ஒன்று, அன்றாட வாழ்க்கையில் என்னென்ன செய்கிறார் என்று கேட்கும் வைன்லாண்ட் அளவுகோல் ஒன்று. இரண்டாவதில் கேள்வி தாயிடம் போகும். தானாகச் சாப்பிடுவாரா, உடுத்துவாரா, கடைக்குப் போவாரா, பணம் எண்ணுவாரா. 2018 ஜனவரியில் அரசிதழில் வந்த வழிகாட்டுதல்படி மதிப்பெண் 55இலிருந்து 69 வரை என்றால் 50 சதவீதம், 36இலிருந்து 54 வரை என்றால் 75 சதவீதம், இன்னும் கீழே போகப் போக 90, 100. செய்ய முடியாதது கூடக் கூடச் சதவீதமும் கூடும்.

முகாம் நடந்த இடத்தில் வரிசையில் நின்ற தாய்மார்கள் அவங்கம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: "எல்லாத்துக்கும் 'தெரியாது'ன்னே சொல்லு அக்கா. ஒண்ணு தெரியும்னு சொன்னாலும் குறைச்சுப்புடுவாங்க." அந்த அம்மாவும் சொன்னார். மாடு ஓட்டுவானா? தெரியாதுங்க. சொன்ன வேலையைச் செய்வானா? இல்லீங்க சார். எதாவது சம்பாதிக்கிறானா? அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனையும் அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு. அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, "நான் மெளவு மிதிப்பேன்" என்றார். சோதனை செய்தவர் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் மகனும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். நாற்பதாவது வளைவு வரைக்கும் அவர் பேசவில்லை.

அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. சாதிச் சான்றிதழுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்று நாம் எவ்வளவு தாழ்ந்தவர்கள் என்று நிரூபிக்கவில்லையா? உரிமையை வாங்க இழிவைக் கைநாட்டாக வைக்கச் சொல்கிற அரசு இது.

அமெரிக்காவில் ஜூடித் ஸ்காட் என்றொரு பெண். 1943இல் பிறந்தவர், டவுன் சின்ட்ரோம். ஏழு வயசில் சோதனை வைத்து 'கல்விக்கு லாயக்கில்லை' என்று காப்பகத்தில் தள்ளினார்கள். அவருக்குக் காது கேட்காது என்பதையே சோதித்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருசம் உள்ளே. பிறகு அவருடைய இரட்டைப் பிறவிச் சகோதரி வெளியே கொண்டுவந்தார். 1987இல் ஓக்லாந்தில் ஒரு கலைக்கூடத்தில் சேர்ந்து, நூலும் கயிறும் துணியும் கொண்டு பொருட்களைச் சுற்றிச் சுற்றிச் சிற்பம் செய்தார். 2005இல் இறந்தார். அவர் வேலைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முப்பத்தைந்து வருசத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

முப்பது வயதை ஒட்டி இவர் மந்தமாகிவிட்டார். களத்தில் உட்கார்ந்தே தூங்கினார், உடம்பு ஊதியது. "சோம்பேறி ஆயிட்டான்" என்றது ஊர். சோம்பேறி என்ற பட்டமும் நமக்குப் புதுசில்லை. சங்கத்துக்கு வந்துபோகிற ஒரு நர்ஸ் அக்காதான் தைராய்டு பாருங்கள் என்றார். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சாதாரணம், வருசத்துக்கு ஒரு தடவை ரத்தம் சோதிக்க வேண்டும். சோதித்தோம், குறைவுதான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதத்தில் பழைய ஆளானார். இன்னொன்றும் அந்த அக்கா சொன்னார். இவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் இரண்டு கணுக்களும் தளர்ந்திருக்கும், தலைச்சுமை கூடாது. இருபது வருசமாக அவர் தலையில் விறகும் மூட்டையும் ஏற்றிய ஊர் அது. இப்போது சாக்கை முதுகில் போடுகிறார், பாதி மூட்டைதான். மாற்றுத்திறனாளிகள் வீட்டில் இருக்கிற தோழர்கள் இந்த இரண்டையும் மனசில் வையுங்கள். கண்ணில் புரை, காது மந்தம், நாற்பதுக்கு மேல் மறதி நோய் சீக்கிரம் வருவது, இவையும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே இவர்களின் சராசரி ஆயுள் 25 வயசுதான். இன்று அறுபதைத் தொடுகிறது. உடம்பு மாறிவிடவில்லை. ஆப்பரேசனும் மாத்திரையும் கிடைத்தது, காப்பகச் சுவர் இடிந்தது.

நூறு நாள் வேலைக்கு அவர் பேரைச் சேர்க்கப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் கேட்டார், "இதுக்கு எதுக்கும்மா கார்டு?" மறுபடியும் 'இது'. மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேர வேலை, முழுக் கூலி என்று 2012இல் தமிழக அரசு போட்ட ஆணை இருந்தது. ஊனமுற்றோர் சங்கங்கள் போராடி வாங்கியது. நகலைக் காட்டினோம். நாலு தடவை நடந்தோம். அஞ்சாவது தடவை அட்டையில் பேர் ஏறியது. பிறகு பேங்க். 'கார்டியன் இல்லாமல் கணக்குத் திறக்க முடியாது' என்றார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பணத்தைத் தானே ஆளவும் மற்றவர்களோடு சமமான உரிமை உண்டு என்கிறது. அதையும் காட்டினோம். அவர் தன் பேரில் முதல் மூன்று எழுத்தை மட்டும் எழுதுவார், நாலாவது எழுத்து சுழித்துக்கொண்டு போகும். அந்தச் சுழியையே கையெழுத்தாக ஏற்க வைத்தோம்.

2024இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். கணக்கில் ஏறியது அதைவிடக் குறைச்சல், எல்லோருக்கும் அப்படித்தான். அவர் வேலை, குழியில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. முதல் பணத்தில் என்ன வாங்கினார் என்று கேட்பீர்கள். செம்மேட்டில் ஒரு டார்ச் லைட்டு, ஒரு கிலோ கோழிக்கறி. அம்மாவுக்குச் சேலை வாங்கினார் என்று எழுதினால் உருக்கமாக இருக்கும், அவர் வாங்கவில்லை. மீதிப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஊக்குப் போட்டு மூடினார். 'காசு குடுத்தா அதுக்கு என்ன தெரியும்' என்றாரே தோட்டக்காரர், அவருக்கு அந்த ஊக்கைக் காட்ட வேண்டும்போல இருந்தது.

நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டது. புதுச் சட்டத்தில் இவர் பேருக்காக மறுபடியும் எத்தனை தடவை நடக்கணுமோ.

நகரங்களில் வேறு காட்சி. பெங்களூரை மையமாகக் கொண்ட மிட்டி கஃபே மாற்றுத்திறனாளிகளே நடத்தும் காப்பிக் கடைகளைத் திறந்திருக்கிறது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒன்றைத் தலைமை நீதிபதி சந்திரசூட் திறந்து வைத்தார். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் தம் மகளுக்காகத் தொடங்கிய வேலை டவுன் சின்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்தது. கேரளத்துக் கோபிகிருஷ்ண வர்மா 2021இல் 'திரிகே' என்ற மலையாளப் படத்தில் நாயகன். ஸ்பெயினின் வலென்சியாவில் 2023இல் மார் கல்செரான் சட்டமன்ற உறுப்பினரானார். எல்லாமே சந்தோசம்தான். ஆனால் இவர்களும் 'வேலை செய்ய முடியும்' என்று பத்திரிகைகள் வியப்பதுதான் எனக்கு எரிச்சல். மலையிலும் சேரியிலும் இவர்கள் எந்தக் காலத்தில் வேலை செய்யாமல் இருந்தார்கள்? ஆடு மேய்த்தது யார், சாணி அள்ளியது யார்? நடுத்தர வர்க்கத்து வீடு பிள்ளையை உள்ளறையில் பூட்டியது. நம் வீடு காட்டுக்கு அனுப்பியது. அங்கே வேலை இல்லை, இங்கே கூலி இல்லை.

கூலி இல்லாதது வெறும் வழக்கமும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஊனமுற்ற தொழிலாளிக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அமெரிக்காவிலும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே மாதிரி ஓட்டை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உழைத்தால்தான் மனுசன் என்று நான் சொல்லவரவில்லை. உழைப்பதற்கு மட்டுமே மனுசராக மதிக்கப்பட்ட சாதியில் பிறந்தவள் அப்படிச் சொல்லக் கூடாது. பக்கத்து ஊரில் இதே டவுன் சின்ட்ரோமோடு ஒரு பெண் இருக்கிறாள், எழுந்து நடக்கவே சிரமம். அவளுக்கும் சோறும் மருந்தும் மரியாதையும் வேண்டும், அவளிடம் யாரும் மிளகு மிதிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேலை செய்கிறவருக்கு வேலைக்குரிய கூலியை.

போன பறிப்பில் தோட்டக்காரரிடம் மறுபடியும் பேசினோம். இந்தத் தடவை நான் மட்டும் போகவில்லை, பறிப்புக்கு வந்த பெண்கள் எட்டுப்பேர் கூட வந்தார்கள். அரைக்கூலி தருவதாக ஒத்துக்கொண்டார். "பாதி ஆள்தானுங்களே" என்றார். எட்டுப்பேரில் ஒரு பெரியம்மா சட்டென்று கேட்டார்: "அவன் 'ம்ஹூம்'னு சொன்னா நீ மூட்டை கட்டுவியா சாமி? முழுசாத்தானே நிறுத்துற, பாதி மூட்டையா நிறுத்துற?" தோட்டக்காரர் பதில் சொல்லவில்லை. இதை எழுதுகிற வரைக்கும் அரைக்கூலிதான். தை முடிந்துவிட்டது, மிளகு கருக்கத் தொடங்கியிருக்கிறது. பறிப்புக்கு முன்னால் எட்டுப்பேரும் இன்னொரு தடவை போவதாகப் பேச்சு. அவரும் வருவேன் என்கிறார். பேச வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள் என்று அவங்கம்மா என்னிடம் கேட்டார். நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கவில்லை.